பத்தாம் வகுப்பில் தேடாதீர்கள்

ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் ஒரு தலைப்புச் செய்தி வரும். ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி.’ கூடவே ஒரு படம். நாலு பெண்பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி லட்டு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர் ஓய்வறையில் அந்தப் பேப்பர் கை மாறும்போது ஆண் ஆசிரியர் யாராவது சொல்வார்: “அப்புறம் என்ன டீச்சர், பெண்ணியம் பெண்ணியம்னு பேசறீங்க. உங்க ஆளுங்கதான் முன்னாடி போயிட்டாங்களே.”

நான் கணக்கு டீச்சர். ஒரு பின்னத்தில் பகுதி சிறிதானால் மதிப்பு கூடும். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியவைத்துவிடலாம். தேர்ச்சி விகிதத்தின் பகுதியில் இருப்பது தேர்வு எழுத வந்தவர்கள் மட்டும்தான். ஒன்பதாம் வகுப்பில் நின்றவள், பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு வராமல் போனவள், ஹால் டிக்கெட் வந்தும் தேர்வு அறைக்கு வராதவள், யாரும் அதில் கிடையாது. லட்டு ஊட்டும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பகுதியிலிருந்து உதிர்ந்த ஒருத்தியின் முகம் எனக்கு வந்துவிடும். அவளை உதிர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

வட மாவட்டத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து தள்ளியிருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. சில வருடங்களுக்கு முந்தைய கதை. பத்தாம் வகுப்பு முதல் இடைத்தேர்வில் அவள் கணக்கில் 11 மார்க். இப்படி வாங்குகிறவர்களுக்கு எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு. வாயில் ‘ஸ்லோ லேர்னர்ஸ்’ என்போம், காகிதத்தில் ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதுவோம். பட்டியலில் பெயர் ஏறினால் ஸ்பெஷல் கிளாஸ். மாலை நாலரை முதல் ஆறு மணி வரை. அதில் கணக்கு கற்றுக்கொடுப்போம் என்று நினைத்துவிடாதீர்கள். மினிமம் மெட்டீரியல் கொடுப்போம். கிராஃபும் ஜாமெட்ரியும் ஆளுக்கு 8, ஆக 16 மார்க். புத்தகத்துக்குப் பின்னால் உள்ள ஒரு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்தால் 14. இரண்டு மார்க்கில் மூன்று தட்டிவிட்டால் 36. பாஸ். எதற்கு அந்தக் கோடு வளைகிறது, எதற்கு அந்த முக்கோணத்தைப் பெரிதாக்கி வரைகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியவே வேண்டாம்.

அவள் ஸ்பெஷல் கிளாஸுக்கு வருவதில்லை. நாலு மணி பெல் அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவாள். மூன்றாவது நாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தினேன். “என்னடி, சீரியல் பாக்க ஓடறியா?” வகுப்பே சிரித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் ஓடினாள். நான் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினேன். மேலே இருந்து யாராவது கேட்டால் காட்டுவதற்கு எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டுமில்லையா.

பொங்கல் விடுமுறை முடிந்து அவள் வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தலைமையாசிரியை அம்மாவும் நானும் வீடு தேடிப் போனோம். மில் ஏஜென்ட்டின் வேன் வந்து ஊரில் மூன்று பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தது. அவளும் போயிருந்தாள். ஹாஸ்டலும் சாப்பாடும் அங்கேயே. அவளுடைய அம்மா எங்களுக்கு பிளாஸ்டிக் சேர் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னார். “அவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர். நீங்களே சொன்னீங்களாமே.”

வரும் வழியில்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. நாலு நாற்பதுக்கு டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது ஏழே காலுக்கு. இறங்குகிற இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை, பாதி தூரத்துக்கு விளக்கு கிடையாது. அம்மா செங்கல் சூளையிலிருந்து வர இருட்டிவிடும். பக்கத்து வீட்டில் விட்டிருக்கும் தம்பியைத் தூக்கி வந்து, தண்ணீர் பிடித்து, உலை வைக்க வேண்டியவள் அவள்தான்.

அந்த மே மாதம் நீண்ட நாள் வராதவர்களின் விவரம் எடுக்கச் சொன்னார்கள். பீரோவில் இருந்த பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. குற்ற உணர்ச்சிக்குக் கை பரபரக்கும்போல. பத்தாம் வகுப்பில் மாதம் ஐந்தாறு நாள் விடுப்பு. ஒன்பதில் மூன்று நான்கு. எட்டிலும் அப்படியே. ஏழாம் வகுப்புப் பதிவேட்டைத் திறந்தால் ஜூலை மாதத்தில் ஒரே வரிசையாக ‘வ’ ‘வ’ ‘வ’ என்று போயிருந்தது. எண்ணினேன். பதினாறு நாள். அதற்கு முன் ஆறாம் வகுப்பில் அவள் விடுப்பே எடுத்ததில்லை என்று சொல்லிவிடலாம். மூன்றாம் பருவக் கணக்குத் தேர்வில் 60-க்கு 47.

பதினாறு நாள் என்றவுடன் உங்களுக்கே புரிந்திருக்கும். வயதுக்கு வந்திருக்கிறாள். தாய்மாமன் பச்சை ஓலை கட்டியிருப்பார். ஃப்ளெக்ஸ் அடித்திருப்பார்கள், தட்டு வரிசை வந்திருக்கும். அந்த ஜூலையில் ஏழாம் வகுப்புக்கு நடந்த பாடம் முழுக்கள். குறை முழுவையும் குறை முழுவையும் பெருக்கினால் ஏன் மிகை முழு வருகிறது என்கிற பாடம். அது தெரியாவிட்டால் இயற்கணிதம் கிடையாது. இயற்கணிதம் தெரியாவிட்டால் அதற்கு மேல் எதுவும் கிடையாது.

அந்த வருடம் அந்த வகுப்புக்குக் கணக்கு டீச்சர் நான்தான். அவள் திரும்பி வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கையில் மருதாணி சிவந்திருந்தது, மஞ்சள் போகாத முகம். “பெரிய மனுஷி ஆயிட்ட, இனிமே பொறுப்பா இருக்கணும்” என்று சொன்னேன். விட்ட பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

பத்தாம் வகுப்பில் அவளைத் தேடியது எங்கள் தவறு. அவள் ஏழாம் வகுப்பிலேயே விழுந்துவிட்டாள். நாங்கள் மூன்று வருடம் கழித்து வந்து, விழுந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில், அவளால் வர முடியாத நேரத்தில், கை நீட்டினோம். அவள் பிடித்துக்கொள்ளவில்லை என்று பட்டியலிலும் எழுதினோம்.

பையன்கள் விழவில்லையா என்று கேட்பீர்கள். விழுகிறார்கள், நிறையவே. பள்ளியை விட்டு நிற்கும் பையன்களைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. ஆனால் பையன் விழும்போது சத்தம் கேட்கும். பெஞ்சைத் தட்டுவான், பின்னால் இருந்து விசில் அடிப்பான், காம்பவுண்ட் ஏறிக் குதிப்பான். திட்டுவதற்காகவாவது பள்ளி அவனைக் கவனிக்கும். பெண்பிள்ளை விழும்போது நோட்டு அழகாக இருக்கும். கரும்பலகையில் இருப்பதை மார்ஜின் போட்டு, தலைப்புக்குச் சிவப்பு மை அடித்து எழுதிவைத்திருப்பாள். அதில் ஒரு வரிகூட அவளுக்குப் புரிந்திருக்காது. நாங்கள் ‘நன்று’ போட்டுக் கையெழுத்து வைப்போம். அமைதியாக இருப்பதுதான் பெண்ணுக்கு அழகு என்று வீட்டில் சொல்லிக்கொடுத்ததைப் பள்ளியில் நாங்கள் டிக் போட்டு உறுதிசெய்கிறோம்.

2023-இல் அசெர் அமைப்பு இந்தியாவின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. கால்வாசிப் பேரால் தங்கள் மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 43 சதவீதத்துச் சொச்சம். வாசிப்பில் பெண்கள் முந்தினார்கள், கணக்கில் ஆண்கள் முந்தினார்கள். ‘பொண்ணுங்களுக்குக் கணக்கு வராது’ என்று இதற்கு உரை எழுத நம் ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. கணக்கு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிற பாடம். தமிழில் ஒரு செய்யுளை விட்டவள் அடுத்த செய்யுளைப் படித்துக்கொள்ளலாம். கணக்கில் பதினாறு நாளை விட்டவளுக்கு அடுத்த மூன்று வருடமும் போய்விடும். யாருக்கு நாட்கள் அதிகம் விடுபடுகின்றன என்று பாருங்கள். மாதவிலக்குக்கு இரண்டு மூன்று நாள், அதுவும் கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளி என்றால் நிச்சயமாக. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள். அக்காவுக்குப் பிரசவம் என்றால் ஒரு வாரம். அதே வீட்டில் அண்ணன் பள்ளிக்குப் போயிருப்பான்.

என்னதான் செய்வது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம்மிடமே இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்க்கச் சொன்னார்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை விட்டுவிட்டு எங்கே நிற்கிறாள் என்பதிலிருந்து தொடங்குவது. அரும்பில் இருப்பவள் அங்கேயே கிடக்க மாட்டாள், மொட்டுக்கு நகர்வாள். (பெண்பிள்ளை பூத்துவிட்டாள் என்று ஊரே கொண்டாடும் வயதில் இந்த அரும்பு மொட்டு மலரெல்லாம் எங்கே போய்விடுகிறது என்று எனக்குள் ஒரு கசப்பான கிண்டல் உண்டு.)

அமெரிக்காவில் இதற்கு மூன்றடுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. அங்கே நீண்ட காலம், ஒரு பிள்ளை போதிய அளவுக்குத் தோற்ற பிறகுதான் தனிக் கவனிப்புக்குத் தகுதி பெறும் என்ற நிலை இருந்தது. தோற்கும்வரை காத்திருக்கும் முறை என்று அதை அவர்களே திட்டினார்கள். 2004-இல் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான சட்டத்தைத் திருத்தியபோது, கொடுத்த உதவிக்குப் பிள்ளை எப்படி முன்னேறுகிறாள் என்பதைப் பார்த்து முடிவெடுக்கும் முறைக்கு இடம் கொடுத்தார்கள். முதல் அடுக்கு எல்லோருக்குமான வகுப்பறை. அது உருப்படியாக இருக்க வேண்டும், அதுதான் அஸ்திவாரம். அங்கே தடுமாறுகிறவளுக்கு இரண்டாம் அடுக்கு, நாலைந்து பேர் உட்காரும் சிறு குழு, சில வாரங்கள், குறிப்பிட்ட அந்த ஓட்டையை மட்டும் அடைப்பதற்கு. அதிலும் நகராதவளுக்கு மூன்றாம் அடுக்கு, அவளுக்கென்று ஒருவர். ஒவ்வொரு சில வாரத்துக்கும் பார்த்து, தேறியவளை மேலே அனுப்பிவிடுவார்கள். அங்கும் இது உயர்நிலைப் பள்ளியில் திணறத்தான் செய்கிறது. காரணம் நமக்கும் தெரிந்ததுதான். தொடக்கப் பள்ளியில் ஒரு டீச்சர் பிள்ளையை முழுதாகப் பார்ப்பார். உயர்நிலையில் ஐந்து பேர் ஆளுக்கொரு துண்டு பார்க்கிறோம். கணக்கில் அவள் 11, தமிழில் 52, அறிவியலில் 30. மூன்றையும் சேர்த்து வைத்து, இவளுக்கு என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை.

சிகாகோவில் இதைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஒரு கணக்கு இது. ஒன்பதாம் வகுப்பை ஒழுங்காகக் கடந்த பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு, தடம் புரண்ட பிள்ளையைவிட மூன்றரை மடங்கு அதிகம். முன்பு வாங்கிய தேர்வு மதிப்பெண்களைவிட இது சரியாகச் சொன்னது. ஒன்பதாம் வகுப்பில் தடம் புரளுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இருந்தது விடுப்பு. இதைப் படித்தபோது எனக்கு அந்த ஜூலை மாதப் பதிவேடுதான் கண்முன் வந்தது. சிகாகோவரை போக வேண்டாம். நாங்கள் தினமும் காலையில் செல்போன் செயலியில் வருகை ஏற்றுகிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. யார் எத்தனை நாள் வரவில்லை என்பது நொடியில் சென்னைக்குத் தெரியும். பக்கத்து அறையில் பாடம் நடத்தும் எனக்குத் தெரியாது. வருகை ஏற்றவில்லை என்றால் எனக்கு மெமோ வரும். பதினாறு நாள் ஒரு பெண் வராவிட்டால் யாருக்கும் எந்த மெமோவும் வராது.

சட்டமும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு கையை உதறிக்கொள்கிறது. பெண்ணுக்கு 14 வயது முடிகிற இடத்தில்.

“இதுக்கெல்லாம் காரணம் ஆல் பாஸ்தான், ஏழாவதுலயே ஃபெயில் போட்டிருந்தா முழிச்சிருப்பா” என்று ஒரு கூட்டம் சொல்லும். மத்திய அரசு 2019-இல் சட்டத்தைத் திருத்தி அதற்குக் கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. தமிழ்நாடு எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்த மாட்டோம் என்று நிற்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஃபெயிலான பையனை அப்பா அடித்து மறுபடி அதே வகுப்பில் கொண்டுவந்து விடுவார். வயதுக்கு வந்த பெண் ஃபெயிலானால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் ஆல் பாஸ் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதும் அதே அளவு பொறுப்பற்ற வேலை. நிறுத்தினாலும் தள்ளிவிட்டாலும் அந்தக் குறை முழு அவளுக்குப் புரியாமல்தானே இருக்கிறது?

2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பது வரை ‘திறன்’ என்ற திட்டம் வந்திருக்கிறது. முன்கூட்டியே ஒரு தேர்வு வைத்து, தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சி. பத்தாம் வகுப்பை விட்டுக் கீழே இறங்கி வந்ததே பெரிய மாற்றம். வரவேற்கிறேன். என் சண்டை அதன் கண்ணோடு. வாசிக்கத் தெரியாதவளைத் தேர்வு கண்டுபிடித்துவிடும். வாசிக்கத் தெரிந்து, போன மாதம்வரை நன்றாக இருந்து, இந்த மாதம் வீட்டில் கட்டிப்போடப்பட்டவளை எந்தத் தேர்வு கண்டுபிடிக்கும்? தேர்வு நடக்கும் நாளில் அவள் விடுப்பு.

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று நிற்பது நேரம். உதவி பள்ளி நேரத்துக்குள் இருக்க வேண்டும். மாலை நாலரைக்கு வைக்கிற உதவி, வீட்டில் வேலை இல்லாத பிள்ளைக்கு வைக்கிற உதவி. இருட்டினால் தனியாக நடந்து வரலாம் என்ற அனுமதி உள்ள பிள்ளைக்கு, அதாவது பையனுக்கு. ஸ்பெஷல் கிளாஸை வடிவமைத்தவர் யாரோ, அவருக்கு மாலையில் வீட்டில் சுடச்சுடக் காபி வந்திருக்க வேண்டும். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் ‘பால்சகி’ என்றொரு திட்டத்தை ஆராய்ந்தார்கள். மூன்று நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகப் பிரித்து, பள்ளி நேரத்திலேயே தினமும் இரண்டு மணி நேரம், அதே ஊரைச் சேர்ந்த ஓர் இளம் பெண் சொல்லிக்கொடுப்பாள். மதிப்பெண் உயர்ந்தது, கடைசியில் இருந்த பிள்ளைகளுக்கே அதிகம் உயர்ந்தது. இந்த ஆய்வைச் செய்த நால்வரில் அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டஃப்லோவுக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. பால்சகிக்கு மாதம் 500 முதல் 750 ரூபாய் கிடைத்தது.

இங்கேயும் அதே கதைதான். இல்லம் தேடிக் கல்வி 2021-இல் வந்தபோது தெருத் தெருவாகத் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பி.எட். முடித்தவர்களும் உண்டு. மாதம் 1000 ரூபாய். பெயர் தன்னார்வலர். பின்தங்கிய பிள்ளையைத் தூக்கிவிடுவது கல்வியின் மிகக் கடினமான வேலை. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவளுக்குச் சொல்லிக்கொடுக்க என் தேவைகூட இல்லை. அந்தக் கடின வேலையைப் பெண்களுக்கு இயல்பாகவே இருக்கிற தாய்மை என்று சொல்லி ஆயிரம் ரூபாய்க்கு முடித்துக்கொள்கிறோம். அடுக்கடுக்காக உதவி வேண்டும் என்று நான் கேட்பது இன்னொரு தோழியின் உழைப்பைச் சும்மா உறிஞ்சுவதற்கு இல்லை. பணியிடம் வேண்டும், சம்பளம் வேண்டும், கால அட்டவணையில் பீரியட் வேண்டும்.

‘அடுக்கு’ என்ற சொல் எனக்கே நாவில் நெருடுகிறது. சாதியை அம்பேத்கர் அடுக்கு வைத்த சமத்துவமின்மை என்றுதான் விளக்கினார். நம் பள்ளிகளுக்கு எதைக் கொடுத்தாலும் அதைச் சாதியாக மாற்றும் வித்தை தெரியும். மார்க் வாங்குபவர்கள் ஏ பிரிவு, மற்றவர்கள் கடைசிப் பிரிவு என்று பிரித்து, கடைசிப் பிரிவில் எந்தத் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், ஊரின் வரைபடம் கிடைத்துவிடும். இருளர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண்ணை மூன்று வருடம் அந்தப் பிரிவிலேயே வைத்திருந்த பள்ளி ஒன்றை எனக்குத் தெரியும். அவளுக்கு உதவுவதற்காகத்தான் என்றார்கள். ஆறு வாரத்தில் பரிசோதித்து வெளியே அனுப்பாத குழு, உதவிக் குழு ஆகாது. பட்டியலைச் சுவரில் ஒட்டக் கூடாது. வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பக் கூடாது. ‘மெல்லக் கற்போர்’ என்ற சொல்லையே தூக்கிப்போட வேண்டும். பதினாறு நாள் பாடம் கேட்காதவள் மெல்லக் கற்பவளா?

அரசாங்கம் பெண்களுக்குக் கொடுப்பவற்றை எண்ணிப் பாருங்கள். மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து, கல்லூரிக்குள் கால் வைத்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். முன்பு திருமணத்துக்குக் கொடுத்த பணத்தை 2022-இல் படிப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அதைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருத்தி, இப்போதும் கொண்டாடுகிறேன். என் முன்னாள் மாணவிகள் அந்த ஆயிரத்தில் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வழி செய்துகொள்வதைப் பார்க்கிறேன். ஆனால் இவையெல்லாம் அக்கரையில் வைத்த பரிசுகள். ஆற்றின் நடுவில் ஏழாம் வகுப்பில் மூழ்குகிறவளுக்கு அக்கரையில் மிதிவண்டி நிற்பது தெரிந்து என்ன ஆகப் போகிறது?

எங்கள் பள்ளியில் நாங்கள் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு சின்னது. தலைமையாசிரியை அம்மா கால அட்டவணையில் வாரம் மூன்று பீரியட்டைப் பிய்த்துக் கொடுத்தார். ஆறு முதல் ஒன்பது வரை, தொடர்ந்து ஐந்து நாள் வராத எந்தப் பிள்ளையின் பெயரும் மறுநாள் காலை என் மேசைக்கு வரும். திரும்பி வந்ததும் விட்ட பாடத்துக்குச் சிறு குழு, லைப்ரரி அறையில். பையன்களும் வருவார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு சின்னத் தேர்வு, தேறினால் வகுப்புக்குத் திரும்பிவிடலாம். அதிலும் முடியாதவர்களுக்கு வீட்டுக்குப் போவோம். கல்யாணப் பேச்சு அடிபட்டால் 1098-க்கு போன் செய்வோம். இருமுறை செய்திருக்கிறோம், ஒருமுறை என் ஸ்கூட்டி டயரைக் கிழித்தார்கள். முதல் வருடம் குழுவுக்கு வந்த ஒன்பது பெண்களில் ஆறு பேர் தேறினார்கள். இரண்டு பேர் இன்னும் திணறுகிறார்கள். ஒருத்தி நின்றுவிட்டாள், எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இதைச் சொன்னபோது, “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா டீச்சர்” என்று சிரித்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பற்றி.

இந்த ஜூலையிலும் ஏழாம் வகுப்பில் ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. சடங்கை நிறுத்தச் சொல்லும் வலு எனக்கு இல்லை. அதற்கான சண்டையை வேறு இடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய பாட்டி வாசலிலேயே மறித்தார். உள்ளே வரக் கூடாதாம், தீட்டாம். சரி ஆயா, நான் திண்ணையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். ஓலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முகம் தெரியவில்லை, வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

“குறை மூணைக் குறை நாலால பெருக்குனா என்ன வரும், சொல்லு.”

கொஞ்ச நேரம் அமைதி.

“பன்னெண்டு டீச்சர்.”

“குறை பன்னெண்டா, மிகை பன்னெண்டா?”

அவள் வாய் திறப்பதற்குள் பாட்டி உள்ளே இருந்து சத்தம் போட்டார். “விளக்கு வைக்கிற நேரத்துல குறை குறைன்னு சொல்லாத தாயி. பொண்ணு வயசுக்கு வந்த வீடு.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மிகை, டீச்சர்.”